பட்டியலில் முதலிடம்

நோயாளி வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமானால், ஆன்டிபாடி மருந்து தண்ணீராக ஓட வேண்டும். எது ஓடும், எது பாகாக இறுகும் என்று கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்த்துப் பட்டியல் போடுவது நான். அதைப் பார்த்து மருந்தை எடுத்துச் சிரிஞ்சில் சோதிப்பது ஆய்வக அக்கா. மூன்று வருடமாக ஒன்றுகூடப் பிசகவில்லை. எனக்கு விருதே கொடுத்துவிட்டார்கள்.

நேற்று அக்கா லீவு. வந்திருந்த விருந்தினர்கள் முன்னால், பட்டியலின் முதல் மருந்தை நானே சிரிஞ்சில் ஏற்றி அழுத்தினேன். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். ஊசி கழன்று பறந்தது. மருந்து, எங்கள் நிறுவன இயக்குநரின் சட்டையில் கோந்தாக ஒட்டிக்கொண்டது.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஐயோ, மேலேருந்தா எடுத்தீங்க? நான் எப்பவும் கடைசிலேருந்துதான் எடுப்பேன், தம்பி. ஸ்கூல் மார்க் மாதிரி பெரிய நம்பரை மேல போட்டிருக்கீங்க. அது மருந்து எவ்வளவு கெட்டின்னு காட்டுற நம்பராச்சே!"

"மூணு வருஷமா ஏன்க்கா சொல்லல?"

"முதல் நாளே சொல்ல வந்தேன். கம்ப்யூட்டர் தப்பே பண்ணாதுன்னு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தீங்க. நிஜம்தான் தம்பி, அது தப்பு பண்ணல."