நெறியாளர் குறிப்பு

“முடிவுரையை மாத்திட்டு வா. கையெழுத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

பேராசிரியர் ஆய்வேட்டை மேஜையின் குறுக்கே தள்ளினார். பொருளாதாரத் துறையின் தலைவர் அவர். மாணவர்கள் வைத்திருந்த பெயர் கூட்டுவட்டி. எதைப் பேச ஆரம்பித்தாலும் அது பெருகிக்கொண்டே போகும்.

எதிரே நின்ற ஆய்வு மாணவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து மணிக்குள் ஆய்வேட்டை அலுவலகத்தில் ஒப்படைத்தாக வேண்டும். தவறினால் திங்கட்கிழமை சேர வேண்டிய விரிவுரையாளர் வேலை வேறு யாருக்கோ போய்விடும். நெறியாளர் கையெழுத்து இல்லாத ஆய்வேட்டை அலுவலகத்தில் யாரும் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

“எதை சார் மாத்தறது?”

“‘பொருளாதாரம் படித்த மாணவர்களே அதிகம் ஏமாந்தார்கள்’னு எழுதியிருக்கே. நம்ம துறையில உக்காந்துக்கிட்டு நம்ம தலையிலயே மண்ணை வாரிப் போடுவியா?”

“கணக்கு அப்படித்தான் சார் வந்திருக்கு. நாலாவது அத்தியாயம் படிச்சீங்களா?”

“புரட்டிப் பார்த்தேன்.”

கூட்டுவட்டி எப்போதும் புரட்டித்தான் பார்ப்பார். ஒவ்வொரு அத்தியாயத்தையும் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு, “கனமாத்தான் இருக்கு” என்று கையெழுத்துப் போடுவார். இந்த முறை தலையெழுத்து, கடைசிப் பக்கம் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

“சரி, நீயே சுருக்கமாச் சொல்லு,” என்றவர் அலைபேசியை எடுத்துத் தடவ ஆரம்பித்தார்.

சொன்னாள். பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறோம் என்று ஊரை ஏய்க்கும் திட்டங்களைப் போலவே ஒன்றைத் தயாரித்து இணையத்தில் உலவவிட்டிருந்தாள். காசு எதுவும் வாங்கவில்லை. சேர ஆசைப்பட்டால் பெயரைப் பதிவு செய்தால் போதும். எந்தத் துறை மாணவர்கள் விழுகிறார்கள் என்பதுதான் சோதனை.

“பக்கம் இன்னும் திறந்துதான் சார் இருக்கு. இன்னைக்கு ஒப்படைச்சதும் மூடிடுவேன். முதல் வாரம் நம்ம பசங்க ஒருத்தர்கூடச் சேரல. ‘சுத்த டுபாக்கூர்’னு சிரிச்சாங்க.”

“பின்னே? யார் வளர்ப்பு!”

“அடுத்த வாரம் கூண்டோட சேர்ந்துட்டாங்க.”

அலைபேசி மேஜைக்கு வந்தது. “எப்படி?”

“அவங்க நம்பற ஒருத்தர் சேரச் சொல்லியிருக்கார். யார் சொல்லிச் சேர்றீங்கன்னு கேட்டிருந்தேன். எல்லாரும் ஒரே பேரைத்தான் போட்டிருக்காங்க.”

“யாரந்தக் கழுதை?”

“சொல்லக் கூடாது சார். யார் பேரையும் வெளிய விட மாட்டேன்னு உறுதிமொழி குடுத்திருக்கேன். நீங்களும் அதுல கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

போட்டிருந்தார். அதையும் எடை பார்த்துத்தான்.

“எதிர் அறை வரலாற்று வாத்தியார்தானே?”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். மௌனம் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

“நினைச்சேன்! வாங்கின சம்பளம் பத்து நாள் தங்காது அந்த ஆளுகிட்ட. குடம் பாலுக்குத் துளி விஷம் மாதிரி என் பசங்க மொத்தப் பேரையும் கெடுத்துட்டான் பாரு.”

“சார், நாலாவது அத்தியாயத்துல அந்த விளம்பரத்தைப் படமாப் போட்டிருக்கேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துடுங்களேன்.” குரல் கெஞ்சியது. மனுஷன் தானாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று அவளும் ஒரு மாதமாகத் தவிக்கிறாள்.

“படம் பார்க்கிற வயசா எனக்கு? இதை எழுதிக்கோ. ‘மாணவர்கள் கற்ற பொருளாதாரத்தில் குறையில்லை. பொறுப்பற்ற ஒரு மனிதரின் பேராசையே அனைத்துக்கும் காரணம்.’ இதைச் சேர்த்தா கையெழுத்து.”

“கடைசியில நெறியாளர் குறிப்புன்னு ஒரு பக்கம் இருக்கு சார். நீங்களே உங்க கையால எழுதிடுங்க. நான் எழுதினா மரியாதையா இருக்காது.”

“அதுவும் சரிதான்.”

எழுதினார். ‘பேராசை’க்குக் கீழே இரண்டு கோடு இழுத்தார். கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாம் விழுந்தன. அவள் ஆய்வேட்டைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். உயிர் வந்தது.

காரியம் முடிந்ததும் கூட்டுவட்டிக்கு மனம் இளகிவிட்டது.

“உக்காரும்மா. கோவத்துல ரெண்டு வார்த்தை பேசிட்டேன், மனசுல வச்சுக்காதே. வேலைக்குப் போகப் போறே. சம்பளத்தை வங்கியில தூங்க விடாதே, விலைவாசி தின்னுடும். நீ என் பொண்ணு மாதிரி, அதான் சொல்றேன். காதும் காதும் வச்ச மாதிரி இருக்கட்டும்.”

கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு அலைபேசியை அவள் பக்கம் திருப்பினார்.

“ஆறே மாசத்துல ரெண்டு மடங்கு! உன் போலிச் சரக்கு மாதிரி இல்ல, இது அசல். நான் அலசி ஆராஞ்சுட்டேன். நம்ம பசங்களுக்கும் வகுப்புலயே சொல்லிட்டேன், பாவம், பொழைச்சுப் போகட்டும். யார் சொல்லிச் சேர்றீங்கன்னு கீழே ஒரு கட்டம் வரும். அதுல என் பேரைப் போட்டுடு.”

அவள் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“நான் எப்படி சார் சேர்றது? அதை நடத்தறதே நான்தான்.”