இன்ஸ்பெக்டர் குரூமின் தொப்பி

ஆள் எண்ண வந்த ஜப்பான் காவலனுக்கு எல்லாரும் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார்கள். இன்ஸ்பெக்டர் குரூம் மட்டும் நட்ட கம்பம் மாதிரி நின்றார்.

வின்னிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹாங்காங்கை ஜப்பான்காரன் பிடித்து, வெள்ளைக்காரப் போலீஸ்காரர்களைக் குடும்பத்தோடு ஸ்டான்லி முகாமில் அடைத்து இரண்டு வருஷம். குரூமின் கால்சட்டையில் ஜன்னல் திரையைக் கிழித்து ஒட்டுப் போட்டிருக்கிறது. சட்டைக்குப் பொத்தான் கிடையாது. தொப்பி மட்டும் தாடைவாரோடு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

"போலீஸ்காரன் வெளியில தொப்பியக் கழட்ட மாட்டான். சல்யூட்தான் அடிப்பான்," என்றார். அடித்தும் காட்டினார்.

வின்னி பக்கத்தில் நின்ற அவர் மனைவியிடம் குசுகுசுத்தாள். "ஏன் ஆக்னஸ், நேத்துவரைக்கும் உங்க வீட்டுக்காரர் நல்லாத்தானே குனிஞ்சாரு? இன்னைக்கு முதுகுல சுளுக்கா?"

"சும்மா இருடி." ஆக்னஸின் முகம் வெளுத்திருந்தது.

வின்னியால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? இவர் வீம்புக்கு வரிசை முழுக்க வெயிலில் காய வேண்டும். அறையிலோ அவள் மகள் மேபல் காய்ச்சலில் கிடக்கிறாள். ஒரு முட்டை கொடுத்தால் தேறிவிடுவாள் என்கிறார் டாக்டர். அந்த ஒன்றுக்காக வின்னி ஏறி இறங்காத வாசல் இல்லை. கம்பி வேலிக்கு அப்பாலிருந்து திருட்டுத்தனமாக வந்தால்தான் உண்டு. வந்தாலும் தங்காது. ஆட்களை எண்ணும் நேரம் பார்த்துக் காவலர்கள் அறைகளைத் துழாவுகிறார்கள். போகும்போது பையையும் மடியையும் தடவுகிறார்கள்.

காவலன் குரூமிடம் நெருங்கி வந்தான். பளாரென்று ஓர் அறை.

குரூமின் முகம் திரும்பியது. தாடைவார் பிடித்துக்கொண்டது. அவர் மறுபடியும் சல்யூட் அடித்தார்.

காவலனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கிறுக்கு என்பதுபோல் கையை ஆட்டிவிட்டுப் போனான்.

அறைக்குத் திரும்புவதற்குள் வின்னி மூன்று பேரிடம் சொல்லிவிட்டாள்: "அந்தத் தொப்பிக்குக் கீழ ஒண்ணுமே கிடையாது!"

இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அறை. நடுவே தொங்கும் படுக்கை விரிப்புதான் சுவர். அதை விலக்கிக்கொண்டு குரூம் வந்தார். கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருந்தன. மேபலின் கட்டிலருகே மண்டியிட்டு, வாரைத் தளர்த்தி, மெல்லத் தொப்பியைத் தூக்கினார்.

வழுக்கைத் தலையில் ஒரு கம்பளித் துணி. அதன் நடுவில் ஒரு முட்டை. ஓட்டில் விரிசல்.

நல்லவேளை, ஆக்னஸ் அதை அவித்துத்தான் கொடுத்திருந்தாள்.

அன்று பகல் முழுக்க வின்னி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. முகாமில் அன்றைக்கு அதுதான் பெரிய செய்தி.