மூன்று நாள் ஓடிய பம்ப்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐ.சி.யூ. நோயாளிகளுக்கான மருந்து பம்ப் செய்யும் கம்பெனி அது. பம்பை இயக்கும் புரோகிராமில் கனிமொழி சேர்த்திருந்த பாதுகாப்பு வரிகளைப் பார்த்து டீம் லீடர் ஸ்ரீகாந்த் உதட்டைப் பிதுக்கினான்.

“இது எதுக்கும்மா?”

“புரோகிராம் தற்காலிகமா கணக்கு வைக்கிற ஸ்டாக் நிரம்பி வழிஞ்சா, பக்கத்து மெமரியில இருக்கிற மருந்து அளவு மாறிடும் சார். வழியறதுக்கு முன்னாடியே இது தடுத்துடும்.”

“காலேஜ்ல படிச்சதை இங்க ஒப்பிக்காத. நான் எழுதின புரோகிராம்ல எதுவும் வழியாது. தூக்கிடு.”

அவள் தலையாட்டினாள்.

மூன்று நாள் சோதனையில் பம்ப் ஒரு சொட்டுகூடப் பிசகவில்லை. ஸ்ரீகாந்த் முதலாளி சண்முகசுந்தரத்தைக் கூட்டிவந்து காட்டினான்.

“பாருங்க சார், இந்தம்மா எழுதின பாதுகாப்பு வரி இல்லாமலே ஓடுது. இவங்களை எல்லாம் யார் வேலைக்கு எடுக்கறாங்களோ. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்.”

“நீ என்னம்மா சொல்றே?” என்றார் முதலாளி.

கனிமொழி ஒரு தாளை நீட்டினாள்.

“மன்னிச்சிடுங்க சார். நான் அதைத் தூக்கவே இல்ல. மூணு நாள்ல பதினாலு தடவை வழியப் போனதைத் தடுத்திருக்கு. புரோகிராம்ல எந்தெந்த இடம், யார் எழுதினதுன்னு இதுல இருக்கு.”

அவர் கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார். பிறகு ஸ்ரீகாந்தை நிமிர்ந்து பார்த்தார்.

“பதினாலு இடமும் நீங்க எழுதினதுதான் போலிருக்கே?”