அயலுக்குச் சொன்ன மாஸ்ரர்

மீன்பெட்டிக்குள் குனிந்து ஒரு விளைமீனின் செவுளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், ஒழுங்கை முகப்பால் நிரோஜா ஸ்கூட்டியில் வருவதை மார்கிரட் கண்டாள்.

நிரோஜாவின் முகம் மலர்ந்திருந்தது. அதுதான் மார்கிரட்டுக்குப் பிடிக்கவில்லை.

பக்கத்தில் நின்ற அயல்வீட்டு ஸ்ரெல்லாவும் கண்டுவிட்டாள். உடனே, சூடை மீனை வாழ்நாளில் முதல் தடவை காண்பவள்போலப் பார்க்கத் தொடங்கினாள்.

விஷயம் இதுதான். நிரோஜா வல்வெட்டித்துறையிலிருந்து இந்த ஒழுங்கைக்குக் குடிவந்து இரண்டு மாதம். வந்த நாளிலிருந்து அயல் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. கிணறு இறைக்க யாரைக் கூப்பிடுவது, பல்லுக்கு எந்த டொக்டர், மருதனார்மடம் சந்தையில் எவள் முற்றாத முருங்கைக்காய் தருவாள், எல்லாம் கேட்காமலே கிடைத்தது.

ஒன்றே ஒன்றைத்தான் அவள் வாய்விட்டுக் கேட்டாள்.

பத்து நாட்களுக்கு முன், இதே மீன்பெட்டியடியில். மகள் மதுஷா ஓ.எல். சோதனையில் கணிதத்தில் ஒருமுறை கோட்டை விட்டவள். இம்முறையும் விட்டால் படிப்பு அதோடு சரி. நல்ல கணித மாஸ்ரர் யார் என்று கேட்கும்போது நிரோஜாவின் கண் கலங்கியது.

கணிதம் என்றால் கொக்குவில் சிவதர்ஷன் சேர்தான் என்பது ஒழுங்கை நாய்க்கும் தெரியும். ஆனால் அவர் எடுப்பது பதினைந்து பிள்ளைகளை மட்டும். போதகரிடம் ஒரு கடிதம், அதிபரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய்த்தான் மார்கிரட் தன் மகன் றோயை அங்கே சேர்த்திருந்தாள். ஸ்ரெல்லாவின் மகள் இன்னும் இடத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

வரிசையை இன்னும் நீட்ட யாருக்குத்தான் மனம் வரும்?

மார்கிரட் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை. அயலாரை நேசிப்பது எப்படி என்று சின்னப் பிள்ளைகளுக்குப் படம் கீறிக் காட்டுபவள். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். சந்தியடிப் பிரகலாதன் மாஸ்ரரிடம் விடச் சொன்னாள். தங்கமான மனுசன் என்றாள் ஸ்ரெல்லா. முன்வீட்டுக் கொலின்ஸ் மதிலுக்கு மேலால் தலையை ஆட்டினார். யாழ்ப்பாணத்தில் மூன்று பேர் ஒரே கருத்தில் நின்றதைக் கண்டதுமே நிரோஜாவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பாவம், நம்பிவிட்டாள்.

பிரகலாதன் தங்கமான மனுசர்தான், அதில் பொய் இல்லை. ஒரு கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு, ரொறன்ரோவில் தம்பி வாங்கிய வீட்டைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைப்பார். சோதனை வைக்க மாட்டார். ஏச மாட்டார். அவரிடம் போகிற பிள்ளைகள் சந்தோசமாகப் போய்ச் சந்தோசமாக வரும், பெறுபேறு வரும்வரைக்கும்.

அன்று பின்னேரம் மார்கிரட்டுக்கு நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. ஒரு தட்டுப் பயற்றம் பணியாரம் நிரோஜா வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். குத்து நின்றுவிட்டது.

அவளுக்கும் ஆயிரம் கவலை. றோய் டிசம்பரில் அதே சோதனை எழுத வேண்டும். அவனை எஞ்சினியராக்குவதாகக் கர்த்தருக்கும் லண்டனில் இருக்கும் தமையனுக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள். நல்லவேளை, பெடியனுக்குப் புத்தி வந்துவிட்டது. முன்பெல்லாம் சனிக்கிழமை வகுப்புக்குத் தண்ணீர் தெளித்துத்தான் எழுப்ப வேண்டும். இந்த ஒரு மாதமாகத் தானே எழும்பி, தலை இழுத்துச் சீவி, சிரித்த முகத்தோடு சைக்கிளில் ஏறிப் போகிறான். எல்லாம் சிவதர்ஷன் சேரின் கைராசி என்று சபையில் எழும்பிச் சாட்சி சொல்லாத குறை.

நிரோஜா ஸ்கூட்டியைப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுவராமல் தள்ளி நிறுத்தினாள். மதுஷாவை முதல் வகுப்புக்கு விட்டுவிட்டு, ஆஞ்சநேயர் கோயிலுக்கும் போய்விட்டு வருகிறாளாம். வாழையிலையில் சுற்றிய வடையை நீட்டினாள். மார்கிரட் மீன் கையைப் பின்னால் ஒளித்து, மற்றக் கையால் வாங்கினாள்.

“அக்கா, அந்த மாஸ்ரரின்ரை ரொறன்ரோக் கதையைக் கேட்டவுடனை, பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வருவம் எண்டு நினைச்சன். பேந்து பாத்தால், பின் வரிசை வாங்கிலை உங்கடை றோய் தம்பி இருக்கிறார். ஒரு மாதமா ஒரு வகுப்பும் விடாமல் வாறவராம். பெத்த பிள்ளையை விடுற இடத்தைத்தானே எனக்கும் சொல்லியிருக்கிறியள் எண்டு நினைக்க, கண்ணாலை தண்ணி வந்திட்டுது.”

றோயின் பெயருக்கும் ஓர் அர்ச்சனை செய்தாளாம். நட்சத்திரம்தான் தெரியவில்லையாம்.

மீன்காரர் மரியரட்ணம் தராசை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார். மதிலுக்கு மேலால் கொலின்ஸின் தலை தெரிந்தது.

இல்லை, என் மகன் கொக்குவிலுக்கல்லவா போகிறான் என்று சொன்னால், பத்து நாளைக்கு முன் சொன்ன பொய் நாறிப்போகும். ஓம் என்றால், மகனைப் பிரகலாதனிடம் விட்ட தாய் என்று ஊர் சிரிக்கும்.  

“ஓம் பிள்ளை, நல்ல மாஸ்ரர்.”

நிரோஜா சிரித்துக்கொண்டு போனாள். ஸ்கூட்டிச் சத்தம் ஓய்ந்தது.

பிறகு ஸ்ரெல்லா சூடையை விட்டுவிட்டுக் கிட்ட வந்து, மார்கிரட்டின் தோளில் மெல்லக் கையை வைத்தாள். ஆறுதல் சொல்லப்போகிறாள் என்றுதான் மார்கிரட் நினைத்தாள்.

“அப்ப மார்கிரட், சிவதர்ஷன் சேரிட்டை றோயின்ரை இடம் சும்மாதானே கிடக்குது?”