பாரில் எழும் அலை

அலைச்சறுக்கு சொல்லித்தரும் கிளாட்வினிடம் டெல்பின் காலைதோறும் வந்து நிற்பாள்.

"தம்பி, பார்ல அலை எப்ப எழும்பும்?"

அவன் போனில் அலை நிலவரத்தைத் தள்ளிப் பார்ப்பான். "இந்த வாரமும் கடல் குளம் மாதிரிதான் கெடக்கும்க்கா."

முன்பெல்லாம் இந்தப் பதில் அவளுக்கு நிம்மதி. அவள் கணவன் ரெமிஜியுஸ் பார் என்னும் கடலடிப் பாறைத்திட்டின் பொந்துகளில் சிங்கி இறால் பிடிக்க முங்கி வந்தவன். அப்படியொரு அமைதியான நாளில்தான் பொந்துக்குள் சிக்கிச் செத்தான். தேடி முங்கியவர்களால் உடலை வெளியே இழுக்க முடியவில்லை. பெரிய அலை அடித்தால் பாரே வெளியே தள்ளிவிடும் என்றார்கள் கரையில். அதுவரை அங்கே யாரும் வலை போடுவதில்லை.

இன்று கிளாட்வினே வீட்டுக்கு ஓடி வந்தான். "அக்கா, ஞாயித்துக்கெழம ஆள் உயரத்துக்கு மேல வருது."

டெல்பின் கொடியில் காய்ந்த கணவனின் கல்யாண வேட்டியை எடுத்து மடித்தாள்.

"மெதுவா அடிக்கச் சொல்லு தம்பி" என்றாள்.