வண்டியின் பூர்வீகம்

"வண்டி எங்கேயாவது இடிச்சுக்கீதா?" வலப்பக்கக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தபடி கேட்டாள் ரஞ்சனி.

"ஒரு கீறல்கூடக் கெடையாதும்மா!" மகன் சுபாஷை முந்திக்கொண்டு வாசலிலிருந்து பதில் சொன்னாள் மஞ்சுளா.

இந்தக் காரை விற்றால்தான் சுபாஷால் லோடு வண்டி எடுக்க முடியும். ஒன்றாம் தேதிக்குள் எடுத்துவிட்டால் ஒரகடத்தில் பார்ட்ஸ் ஏற்றும் ஆர்டர் அவனுக்கு, இல்லையென்றால் வேறொருவனுக்கு. ஏற்கெனவே வந்த மூன்று பேரும் ஆக்சிடென்ட் என்ற சொல்லைக் கேட்டதுமே நடையைக் கட்டிவிட்டார்கள்.

இவளோ கார் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்காம். லேசில் விடுகிற ஆளாகத் தெரியவில்லை. கூட வந்த அப்பா கோதண்டராமன் கம்பெனி பஸ் டிரைவர். எஞ்சினை ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"இடிச்சிருக்கு சிஸ்டர்" என்றான் சுபாஷ்.

மஞ்சுளா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர்லாம் வேணாம். எப்ப, எங்க?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. இருங்காட்டுக்கோட்டை கிட்ட மீடியன்ல ஏத்திட்டேன். அந்தக் கதவு, முன்னாடி பம்பர் ரெண்டுமே மாத்தினது."

"தண்ணி அடிச்சிருந்தீங்களா?"

"ஐயோ, அந்தப் பழக்கமே இல்லீங்க. டபுள் ஷிப்ட் பாத்துட்டு வந்தேன், கண்ணு அசந்துடுச்சு. தப்பு என்னுதுதான்."

"சர்வீஸ் சென்டர்ல விசாரிச்சுட்டுதான் வந்தோம். அவங்களும் இதேதான் சொன்னாங்க."

மஞ்சுளாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"முன்சீட்ல யாரு உக்காருவாங்க?"

இதையெல்லாமா கேட்பார்கள் என்று சுபாஷுக்குத் தோன்றியது. "எங்கம்மாதாங்க. வேற யாரு?"

கோதண்டராமன் காரணமே இல்லாமல் இருமினார்.

"சரி, இப்ப எதுக்கு விக்கிறீங்க?"

"டேய்..." என்று பல்லைக் கடித்தாள் மஞ்சுளா. அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"கான்ட்ராக்ட் முடிஞ்சுடுச்சுங்க. ரெண்டு மாசமா வேலை இல்ல. லோடு வண்டி எடுத்து சொந்தமா ஓட்டலாம்னு இருக்கேன்."

"ஓட்டிடுவீங்களா?"

"கண்டிப்பா ஓட்டிடுவேங்க."

கோதண்டராமன் எஞ்சினை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். "இன்னாம்மா சொல்ற?"

"ஓகேப்பா. எடுத்துக்கலாம்."

சுபாஷுக்குத் தலைகால் புரியவில்லை. உண்மையைச் சொல்லியும் வண்டி விலைபோகிறது! மஞ்சுளா தன் காதையே நம்பாமல் காபி போட உள்ளே ஓடினாள். இவர்கள் மனசு மாறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று, பேர் மாற்றும் ஃபாரத்தைக் கார் பானெட்டின் மேலேயே விரித்தான் சுபாஷ்.

"பேரு சொல்லுங்க."

"ரஞ்சனி."

"அட்ரஸ்?"

"எங்க ஊரு பிள்ளைப்பாக்கம்னு எழுதிட்டு, தையில மறுபடியும் மாத்திக்கினு கெடப்பானேன்? இந்த வூட்டு அட்ரஸே எழுதுங்க" என்றாள் ரஞ்சனி. "கல்யாணத் தரகர்கிட்ட உங்கம்மா குடுத்த ஜாதகம் ஒரு வாரமா எங்க வூட்லதான் கீது."