கவிழ்த்துக் கொட்டிய பை

அரங்கில் விளக்கு அணைகிறது. மேடையில் வெள்ளை முகமூடி அணிந்த நடிகர் ஓர் அடி எடுத்து வைக்கவே ஒரு நிமிஷம் ஆகிறது. உடுக்கை போன்ற சிறு மேளத்தில் ஒரு தட்டு, பிறகு நீண்ட மௌனம். ஜப்பானிலிருந்து தமிழ் படிக்க வந்திருக்கும் யூமிக்கும் தன் நாட்டின் ‘நோ’ என்ற பழைய முகமூடி நாடகத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பக்கத்தில் அமர்ந்திருக்கும் கல்லூரித் தோழி சஃபியாவுக்கோ மேடையில் மனம் ஒட்டவில்லை. கோவையில் குண்டு வெடித்து எட்டு மாதமாகிறது. காலையிலிருந்து யூமிக்குப் பேரூரையும் மருதமலையையும் சுற்றிக்காட்டி, கேட்டதற்கெல்லாம் சிரித்தபடி பதில் சொன்னவள் அவள். சற்றுமுன் வாசலில் காவலாளி, "ஊடு எங்கீங்க அம்மணி?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். சஃபியா கோட்டைமேடு என்றதும் அவள் பையை மட்டும் மேசைமேல் கவிழ்த்தான். சீப்பு, பஸ் பாஸ், மாதவிலக்குக்கான பஞ்சுப் பொட்டலம் எல்லாம் வரிசையே பார்க்கக் கிடந்தன. யூமியின் பெரிய முதுகுப்பையை அவன் தொடவில்லை.

சஃபியாவின் காது மடல் இன்னும் கொதிக்கிறது. நடிகர் அழுவதற்காகக் கையை மெல்ல முகத்தருகே உயர்த்துகிறார். அரங்கமே மூச்சடக்கியிருக்கிறது. யூமி சாய்ந்து கிசுகிசுக்கிறாள்: "உங்கள் பையை மட்டும் ஏன் திறந்தார்கள்?"

சும்மா சோதனைதான் என்ற பதில் நாக்கு நுனிவரை வருகிறது. சஃபியா அதை விழுங்கிவிடுகிறாள்.

"நான் முஸ்லிமுங்கறதாலதானுங்க," என்கிறாள், குரலைத் தாழ்த்தாமல்.

முன் இருக்கையிலிருந்து ஒருவர் திரும்பி, "உஷ்!" என்கிறார்.

"ஏனுங்க, வாசல்ல எனக்குப் பின்னாடிதானுங்களே நின்னீங்க? அப்ப ஏனுங்க வாயே தொறக்கல?"

அவர் சட்டென்று மேடையைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். சஃபியா அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.